கருணை முகப் பயிற்சியில் முதல் பரிசு

அந்தப் பெரிய மருத்துவமனையில் ஊழியர்கள் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. விதி வருவதற்கு முன்னும் அங்கே யாரும் அவ்வளவாகச் சிரித்ததில்லை. மருத்துவமனை அல்லவா. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடித்தளத்துச் சலவைப் பிரிவில் இரண்டே பேர்தான். விதி அந்த இருவருக்காகவே வந்தது என்று சொன்னால் மேல்மாடியில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் பொதுவாக வந்தது, இருவர் தலையில் மட்டும் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒருவர் நெட்டையர். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம் என்பதால் வந்த பெயர். மற்றவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அவருக்குப் பேச்சு திக்கும். ‘ரேடியோ’ என்ற பட்டப்பெயரை அவரே தனக்கு வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் சட்டென்று பிடிக்காது, கொஞ்சம் பொறுத்தால் பாட்டு வந்துவிடும் என்று விளக்கமும் அவரே கொடுப்பார். எப்படியும் யாராவது ஒரு பெயர் வைக்கத்தான் போகிறார்கள், முந்திக்கொண்டால் நல்லதாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

அவர் திக்கும் இடங்களை எழுத்தை உடைத்துப் புள்ளி வைத்து நான் காட்டப் போவதில்லை. சொல் வரத் தாமதமானது, பிறகு வந்தது, அவ்வளவுதான். இடையில் காத்திருப்பது படிப்பவர் பொறுப்பு.

சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பது ஓர் ஆள் வேலை அல்ல. உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பின் இரண்டு மூலைகளை ஒருவர் பிடிப்பார், எதிர்ப்பக்கத்து மூலைகளை இன்னொருவர். நீளவாக்கில் ஒரு மடிப்பு, ஓர் உதறல். பிறகு இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு விரிப்பு போனதும், கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். நாள் முழுக்க இதுதான்.

ரேடியோ கதை சொல்வதற்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. தூரத்தில் நிற்கும்போது ஆரம்பிப்பார். பாதியில் ஒரு சொல் தொண்டையில் நின்றுகொள்ளும். நெட்டையர் விரிப்பை விறைப்பாகப் பிடித்தபடி நிற்பார். அந்தச் சொல் என்னவென்று தெரிந்திருந்தாலும் எடுத்துக் கொடுக்க மாட்டார். “என் வார்த்தைய நான் சொல்லிக்கிறேன், நீ உன் மூலையப் பிடி” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ரேடியோ கறாராகச் சொல்லிவிட்டார். இருவரும் நடந்து வந்து கையோடு கை தொடும் நேரத்துக்கு அநேகமாகச் சொல்லும் வந்து சேர்ந்துவிடும். அப்போது இருவரும் சிரிப்பார்கள். சில நாள் சிரித்த சிரிப்பில் விரிப்பு தரையில் விழுந்து மறுபடி தோய்க்கப் போட வேண்டியதாகிவிடும். சூப்பர்வைசர் வந்து வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போவார்.

வெளியே ரேடியோ பேசுவதே இல்லை. கடையிலோ வங்கியிலோ வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் அவசரப்பட்டு ஒரு சொல்லை நீட்டுவார். அது சரியோ தப்போ, ரேடியோ தலையாட்டிவிடுவார். ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளப் போனார். மேலே மட்டும் லேசாக எடுக்கச் சொல்ல வாயெடுத்தார். கடைக்காரருக்குப் பொறுமை இல்லை. “மொட்டையா?” என்றார். ரேடியோ தலையாட்டினார். மறுநாள் பளபளவென்று வந்து, விரிப்புகளை மடித்தபடியே அந்தக் கதையைச் சொல்லி முடித்தார். நெட்டையருக்குச் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது.

“முடிதானே மாப்ள, வளந்துடும்” என்றார் ரேடியோ.

சிரிப்பைப் பற்றி அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. சொல் வருவதற்கு முன்னால் சிரிக்கிறவன் வேறு, வந்த பிறகு சிரிக்கிறவன் வேறு. முன்னால் சிரிக்கிறவன் நாக்கைப் பார்க்கிறான். பின்னால் சிரிக்கிறவன் கதையைக் கேட்டிருக்கிறான். நெட்டையர் ஒருநாளும் முன்னால் சிரித்ததில்லை. நெட்டையருக்குக் கல்யாணம் பேசியபோது பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எங்கண்ணன் உங்ககிட்ட மட்டும்தான் வாயத் தொறந்து பேசுவாரு. அதை மட்டும் விட்டுடாதீங்க.” நெட்டையர் விடமாட்டேன் என்றார். நகையோ வீடோ கேட்டிருந்தால் யோசித்திருப்பார், இது சுலபம் என்று அப்போது நினைத்தார்.

மேல்மாடியில் ‘ஊழியர் கண்ணியப் பிரிவு’ என்று ஒன்று இருந்தது. தரைவிரிப்பு போட்ட அறை. தொடங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. இப்படியே போனால் அதை வாகன நிறுத்துமிடப் பிரிவோடு சேர்த்துவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபட்டது. கண்ணிய அதிகாரியம்மா கலங்கவில்லை. “இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு புகார்கூட வரலைன்னா, ஊழியர்கள் எந்த அளவுக்குப் பயந்துபோயிருக்காங்கன்னு நீங்களே பாருங்க” என்று கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள். பயமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே அவர் மேல்கோட்டில் தேநீர் கொட்டிக்கொண்டது. கறை எடுக்கச் சலவைப் பிரிவுக்கு இறங்கி வந்தார். அந்த நேரத்தில் ரேடியோ பேருந்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நெட்டையர் வீட்டுக்கு வரும்போது அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் அவர் வாயில் வரவே வராது. அதற்கு அடுத்த நிறுத்தத்தின் பெயர் வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே எப்போதும் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, இறங்கித் திரும்பி நடந்து வருவார். ஒருநாள் நடத்துனர் இதைக் கவனித்துவிட்டு, கேட்பதற்கு முன்பே சரியான நிறுத்தத்துக்குச் சீட்டைக் கிழித்து நீட்டினார். ரேடியோவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நல்ல மனிதருக்கு நன்றி சொல்லாமல் இறங்குவது மரியாதை இல்லை என்று நின்றார். நன்றி வெளியே வந்தபோது பேருந்து அடுத்த நிறுத்தத்தைத் தொட்டிருந்தது.

“அன்னிக்கும் நடைதான் மாப்ள.”

நெட்டையர் சிரித்ததில் விரிப்பு கீழே போயிற்று. அதிகாரியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கதையை இயந்திரச் சத்தம் விழுங்கிவிட்டது. அவர் காதில் விழுந்தவை இரண்டே: ஒருவர் திக்குகிறார், இன்னொருவர் சிரிக்கிறார். அதிகாரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. கோட்டை மறந்துவிட்டு மாடிக்கு ஓடினார். மறுநாளே அந்த விதி வந்தது.

விசாரணை, கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் நடந்தது. நடுவில் தலைவர். முன்னாள் பெரிய டாக்டர், ஓய்வு பெற்றபின் எந்தக் குழு அமைத்தாலும் அதற்குத் தலைவர். ஒரு பக்கம் அதிகாரியம்மா. மறுபக்கம் பேச்சியல் நிபுணர். திக்குவாயைப் பற்றித் தடிதடியாகப் புத்தகம் எழுதியவர். தன்னை அவர் இப்படி அறிமுகப்படுத்திக்கொண்டார்: “என் வாழ்நாள் பூரா திக்குறவங்களோடதான் பழகியிருக்கேன். அவங்க மனசு எனக்கு அத்துப்படி. அவங்க ஒரு வாக்கியத்தை முழுசா சொல்லி முடிக்க நான் விட்டதே இல்ல. அதுக்குள்ள எனக்குப் புரிஞ்சிடும்.”

முதலில் நெட்டையரை அழைத்தார்கள். அவர் குனிந்து உள்ளே வந்து பேந்தப் பேந்த விழித்தார்.

சிரிப்பில் மூன்று வகை உண்டு என்று தலைவர் ஆரம்பித்தார். மேலிருந்து கீழே சிரிப்பது, கீழிருந்து மேலே சிரிப்பது, பக்கவாட்டில் சிரிப்பது. முதலாவது குற்றம், இரண்டாவது உரிமை, மூன்றாவது பற்றி இன்னும் முடிவாகவில்லை. “நீங்க சிரிச்சது எந்தத் திசை?”

“எதிரெதிர நின்னுதாங்க சிரிச்சோம். நடுவுல பெட்ஷீட் இருந்துச்சு.”

இந்தப் பதிலுக்குப் பட்டியலில் இடம் இல்லை. மூவரும் கூடிப் பேசினார்கள். பிறகு அளவுநாடா வரவழைக்கப்பட்டது. நெட்டையரைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தார்கள். ரேடியோவையும் கூப்பிட்டு அளந்தார்கள். சிரிப்பு மேலிருந்து கீழேதான் போயிருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

“அவன் எனக்கு மச்சான்ங்க” என்றார் நெட்டையர். அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். மச்சானைக் கேலி செய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அதிகாரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சிரிக்கத் தொடங்கினாரா, அதற்கு முன்பேயா என்று கேட்டார். நெட்டையர் பொய் சொல்லத் தெரியாதவர். முன்பே என்றார். “அப்ப, உரிமை வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சிருக்கீங்க” என்றார் அதிகாரியம்மா, மிகுந்த வருத்தத்தோடு.

அடுத்து நகைச்சுவையை ஆராய வேண்டும் என்றார்கள். நெட்டையரை அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். மச்சான் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அது கிண்டல், நிறுத்தாமல் சொன்னால் அது கதையே இல்லை. ஆகவே ரேடியோவிடம் முன்பே எழுதி வாங்கியிருந்ததை எழுத்தர் ஒருவர் கோப்பிலிருந்து படித்தார்: மேற்படி ஊழியர், தாம் இறங்குமிடத்தின் பெயரை உச்சரிக்க இயலாமையின் காரணமாக, தொடர்புடைய நடத்துனருக்கு நன்றி தெரிவிக்கும் பொருட்டுப் பேருந்திலேயே தங்க நேரிட்டதாகத் தெரியவருகிறது.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கைகளை விரித்தார். “இதுல சிரிக்க ஒண்ணும் இல்லையே. கதையில சிரிப்பு இல்லைன்னா, நீங்க எதைப் பார்த்துச் சிரிச்சீங்க? திக்கினதைப் பார்த்துத்தான சிரிச்சிருக்கணும்?”

முதன்முறையாக நெட்டையருக்கும் சந்தேகம் வந்தது. இத்தனை காலமும் சொல் வந்த பிறகுதான் சிரித்தோமா? ஒருநாளாவது, ஒரு கணமாவது, முந்திச் சிரித்துவிட்டோமோ? படித்தவர்கள் மூன்று பேர் சொல்கிறார்கள், காரணம் இல்லாமலா சொல்வார்கள். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாயத்துக்காக, பாதிக்கப்பட்டவர் வாயாலும் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று நிபுணர் சொன்னார். ரேடியோ எழுந்து நின்று கதையைச் சொன்னார். மூவரும் கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை ஈரமாக்கிக்கொண்டு கேட்டார்கள். அப்படிக் கேட்டதாலேயே அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாக மாட்டிக்கொண்டது. நன்றி வெளியே வந்து, பேருந்து அடுத்த நிறுத்தத்தைத் தொட்டபோது வாசலில் ஒரு பெரிய சிரிப்புக் கேட்டது. தேநீர்த் தட்டோடு வந்த உதவியாள். தட்டு ஆடி, கோப்பைகள் உருண்டன. ரேடியோவின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நெட்டையர் பார்த்தார். குழு அதைப் பார்க்கவில்லை, உதவியாளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தது. அவரைச் சிரிப்பதற்கு வாய்ப்பே இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவாகி, மறுநாளிலிருந்து பிணவறையில் வேலை போட்டார்கள்.

கடைசியாக அதிகாரியம்மா ரேடியோவின் பக்கம் திரும்பினார். “அவர் சிரிச்சப்ப உங்க மனசு எப்படி இருந்துச்சு? தயங்காம சொல்லுங்க. உங்க குரலைக் கேக்கத்தான் நாங்க எல்லாரும் இங்க உக்காந்திருக்கோம்.”

ரேடியோ வாயைத் திறந்தார். நிறைந்திருந்தது என்று சொல்ல நினைத்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பின்னால் தங்கையிடம் அவரே சொன்னார். அந்த அறையில் முதல் எழுத்துக்குமேல் வரவில்லை.

“நிலைகுலைஞ்சு போச்சா?” என்றார் நிபுணர், மிக இதமாக.

ரேடியோ கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார்.

“நிம்மதி போயிடுச்சா?” என்றார் தலைவர்.

ரேடியோவின் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னொரு முறை முயன்றார்.

“நிர்க்கதியா நின்னீங்களா?” என்றார் அதிகாரியம்மா. அவர் குரல் உடைந்திருந்தது.

நெட்டையர் தன்னை மறந்து எழுந்துவிட்டார். “அவனை விடுங்க, வந்துடும்” என்றார். உட்காரச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரைப் பேசவிடாமல் தடுப்பதாகத் தலைவர் கண்டித்தார்.

ரேடியோ மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். முடிவெட்டும் கடையில் ஆட்டிய அதே தலையாட்டல். மனம் திறந்து பேசியதற்கு மூவரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். நிபுணர் கைக்குட்டையை எடுத்தார். நெட்டையருக்கு அந்த மொட்டைத் தலை கண்முன் வந்து நின்றது.

தண்டிப்பது எங்கள் நோக்கமல்ல, திருத்துவதே நோக்கம் என்று தீர்ப்பு வந்தது. சலவைப் பிரிவில் உள்ள அத்தனை பேருக்கும் ‘கருணை முகப் பயிற்சி’. தேறுகிறவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். தேறாதவர்கள் வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்றப்படுவார்கள். அந்த மூலையை வேறொருவர் பிடிப்பார்.

நெட்டையரைப் பயமுறுத்தியது அந்தக் கடைசி வரிதான். வேறொருவர் பிடித்தால் மச்சான் பேசமாட்டார். வேலை நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்பார், பிறகு வீட்டிலும் அப்படியே ஆகிவிடுவார். எப்படியாவது தேறிவிட வேண்டும், தேறி அந்த மூலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இந்தக் கூத்து ஓய்ந்த பிறகு பழையபடி சிரித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

பயிற்சி கொடுக்க வந்தவரும் அதிகாரியம்மாதான். “தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ங்க. புருவத்தை நடுவுல தூக்குங்க. உதட்டை உள்ள இழுத்துக்கோங்க. இப்ப மூக்கு வழியா மெதுவா ஒரு ‘ம்’.” ஒருவர் கையைத் தூக்கி, அப்போது அவர் சொல்வதையும் கேட்க வேண்டுமா என்றார். “கேக்குறது உங்க விருப்பம். முகம்தான் கட்டாயம்” என்றார் அதிகாரியம்மா.

பழகுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. ரேடியோவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதையாவது சொல்லச் சொன்னார்கள். வரிசையாக ஒவ்வொருவராக எதிரில் வந்து நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். தினமும் பார்த்துப் பழகிய ஆட்கள், ஆளாளுக்கு ஒரே முகத்தை மாட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் இரண்டு பேருக்கு ரேடியோ ஏதோ சொன்னார். அதன்பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முன்னேற்றம் நன்றாகத் தெரிவதாக அதிகாரியம்மா சொன்னார்.

நெட்டையர் மட்டும் தேறவில்லை. மச்சானின் எதிரில் போய் நின்றாலே உதடு தானாக விரிந்துவிடும். கடைசி வாய்ப்பு என்று எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று பழக ஆரம்பித்தார். முகம் கழுவும்போதும் தலை வாரும்போதும் பழகினார். ஒருநாள் மனைவி பின்னால் வந்து நின்று, “யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். நெட்டையர் விடவில்லை. படிக்கிற காலத்தில் எந்தப் பரீட்சைக்கும் அவர் இப்படி உட்கார்ந்து படித்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புருவம் தானே ஏறியது, தலை தானே சாய்ந்தது.

கண்ணிய விழா மேடையில் அவருக்கு முதல் பரிசு. நெட்டையரின் முகத்தைப் பெரிதாகப் படம் எடுத்து எல்லா மாடிகளிலும் மாட்டினார்கள். அதே மேடையில் ரேடியோவைக் ‘கண்ணியத் தூதர்’ என்று அறிவித்து, சட்டைப்பையில் வைக்கிற அளவில் ஓர் அட்டை கொடுத்தார்கள். எனக்குப் பேச்சுச் சிரமம் உண்டு, தங்கள் பொறுமைக்கு நன்றி என்று அதில் அச்சிட்டிருந்தது. “இனிமே இவர் கஷ்டப்பட்டுப் பேசவே வேண்டியதில்ல. இதை எடுத்துக் காட்டினா போதும். ஒரு மனுஷனோட குரலுக்கு நாம கொடுக்கிற மரியாதை இது” என்று தலைவர் பேசினார். பலத்த கைத்தட்டல். ரேடியோவை ஓரிரு வார்த்தை பேசச் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

மறுநாள் இருவரும் பழைய இடத்தில் நின்றார்கள். வாசலில் சூப்பர்வைசரைக் காவல் போட்டிருந்தார்கள். ரேடியோ சட்டைப்பையைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: “ரேடியோவுக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்க மாப்ள.”

நல்ல நகைச்சுவை. நெட்டையருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தார், மென்று விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும், சேர்த்துவைத்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கையோடு கை தொட்டது, மூலை கைமாறியது, ரேடியோ பின்னால் நடந்து போனார். அதன்பிறகு அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. விரிப்பு ஒன்றுகூடக் கீழே விழவில்லை. வேலை வேகமாக நடப்பதாகச் சூப்பர்வைசர் மேலே எழுதி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மனசு நிறைந்திருந்தது என்று சொல்லத்தான் நினைத்தேன், விடவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லி அவள் அழுதாள். நெட்டையர் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

பிறகு ஒரு ஞாயிறு கதவு தட்டப்பட்டது. திறந்தால் ரேடியோ. வழக்கம்போல அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருந்தார், வியர்வை வழிந்தது. கண்ணில் அந்தப் பழைய குறும்பு. தங்கை முகமெல்லாம் சிரிப்பாக அடுக்களைக்கு ஓடினாள். நெட்டையர் நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனை நாள் ஆயிற்று.

ரேடியோவுக்கு ஒரே மகள். அவளுக்குப் பெயர் வைத்த கதையை இருவரும் நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பிறப்பதற்கு முன்பே, திக்காமல் வருகிற பெயராகத் தேடி எடுத்தார் ரேடியோ. குளியலறையில் சொல்லிப் பார்த்தார், தண்ணீர் மாதிரி ஓடிற்று. பிள்ளையைக் கையில் வாங்கி, அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போனார். மாட்டிக்கொண்டது. இன்றுவரை எடுக்க முடியவில்லை. பாசம் வைத்ததும் சிக்கிக்கொண்டது மாப்ள என்பார். அந்தக் கதைக்கு மட்டும் நெட்டையர் சிரிக்கும்போது கண்ணில் நீரும் வரும்.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம் பேசி வந்திருக்கிறார்கள். அதில் நடந்த ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் ரேடியோ இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

“நேத்து பையன் வீட்டுலேர்ந்து வந்தாங்க மாப்ள” என்று ஆரம்பித்தார். சொற்கள் சிக்கின, வந்தன. பையனோட அப்பா தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்றார். தனக்கு உள்ளே உதறல் என்றார், பெயரைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது. “அந்த ஆளு என்னைப் பாத்தார். உங்க பொண்ணு பேரு என்னன்னு கேக்கத்தான் வந்தார் மாப்ள. கேக்க வாயத் தொறந்தவரும்...”

அங்கே நின்றது. ரேடியோவின் கண் சிரித்துக்கொண்டிருந்தது, வாய் திறந்திருந்தது, சொல் தொண்டையில் இருந்தது. நெட்டையர் காத்திருந்தார். முன்பு காத்திருந்ததுபோலத்தான் காத்திருந்தார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் விரிப்பு இல்லை. சொல் வரத் தாமதமாகத் தாமதமாக அவர் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. புருவம் நடுவில் ஏறியது. உதடு உள்ளே போயிற்று. மூக்கு வழியாக, மெதுவாக, “ம்” என்று ஒரு சத்தம் வந்தது.

ரேடியோவின் கண்ணில் இருந்த சிரிப்பு நின்றதைப் பார்த்த பிறகுதான் தன் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நெட்டையருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். சிரிக்கப் பார்த்தார். இன்னும் சொல்லே வரவில்லையே, இப்போது சிரித்தால் அது முன்னால் சிரிக்கிற சிரிப்பாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார். “சொல்லு மச்சான்” என்றார். குரல்கூட இதமாக, மேடையில் வாங்கிய பரிசுக்கு ஏற்றாற்போல் வந்தது.

ரேடியோ வாயை மூடிக்கொண்டார். அவர் ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கதை அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. இதன் மிச்சத்தை நான் ஓரளவு ஊகித்து வைத்திருக்கிறேன். நீங்களும் ஊகித்திருப்பீர்கள். எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அவர் சட்டைப்பையில் கைவிட்டு அந்த அட்டையை எடுத்தார். எழுத்து நெட்டையருக்கு நேராக இருக்கும்படி திருப்பி, இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். அதில் கோபம் எதுவும் இல்லை. கடைக்காரர்களிடமும் வங்கியிலும் காட்டுவதுபோல மரியாதையாக வைத்தார்.

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “என்னங்க, அண்ணன் கெளம்பிட்டாரா? சத்தத்தையே காணோம்.”

ரேடியோ அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.